ஒன்றரை மணி நேரக் கொடியேற்றம்: மழலையர் பிரிவில் ஒரு சுதந்திர தினமும் அதற்குப் பிறகும்

பின்னணி

தமிழ்நாட்டின் தென்மாவட்டம் ஒன்றில், சிறு நகரத்துப் பள்ளி. ஐந்தாம் வகுப்பு வரை உண்டு. நான் பார்த்துக்கொள்வது மழலையர் பிரிவை மட்டும், அதாவது பிரீ கே.ஜி., எல்.கே.ஜி., யு.கே.ஜி. என மூன்று வகுப்புகள். அந்த வருடம் மூன்றிலும் சேர்த்து 71 பிள்ளைகள், நான்கு ஆசிரியைகள், இரண்டு ஆயாம்மாக்கள். பிரீ கே.ஜி.யில் பாதிப் பேருக்கு மூன்று வயது முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஜூனில் சேர்ந்தவர்கள், ஜூலை முழுக்க வாசலில் அழுதவர்கள், ஆகஸ்ட் பிறந்த பிறகுதான் டிபன் டப்பாவைத் தானே திறக்கப் பழகியவர்கள்.

சுதந்திர தினம் எங்கள் பள்ளியில் வருடா வருடம் ஒரே மாதிரிதான் நடக்கும். காலை 8:30க்கு எல்லாரும் வந்துவிட வேண்டும். 9 மணிக்குச் சிறப்பு விருந்தினர் கொடியேற்றுவார். தமிழ்த்தாய் வாழ்த்து, தேசிய கீதம், பெரிய பிள்ளைகளின் அணிவகுப்பு, பேச்சு, பாட்டு, அப்புறம் மழலையரின் மாறுவேடம், பரிசு, மிட்டாய். மாறுவேடம் கடைசியில் வருவதற்குக் காரணம் உண்டு. அதைப் பார்க்கத்தான் பெற்றோர் வருகிறார்கள், முதலில் வைத்தால் பாதிக் கூட்டம் கிளம்பிவிடும். இந்த நிகழ்ச்சி நிரலை நானே பல வருடங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இது யாருக்காக நடக்கிறது என்று ஒரு வருடம்கூட என்னை நானே கேட்டுக்கொண்டதில்லை.

இங்கே எழுதுவது ஒரு ஆகஸ்டில் தொடங்கி அதற்கடுத்த வருட நவம்பர் வரை நடந்தது. நடுவில் இருப்பவன் ஒரு மூன்றரை வயதுப் பையன். அவனுடைய பெற்றோரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒத்திகை நாட்கள்

ஆகஸ்ட் முதல் வாரத்தில் டைரியில் குறிப்பு எழுதி அனுப்பினோம். காந்தி, நேரு, பாரதியார், வ.உ.சி., வேலு நாச்சியார், கட்டபொம்மன், திருப்பூர் குமரன், பாரத மாதா என்று ஒரு பட்டியல், யாருக்கு எது என்பதையும் நாங்களே குறித்துவிட்டோம். அந்தப் பையனுக்குப் பாரதியார். கறுப்புக் கோட்டு, தைத்த வேட்டி, தலைப்பாகை, மையில் வரைந்த மீசை. சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம்: "வணக்கம். நான் பாரதியார்."

வகுப்பறையில் அவன் அதை அழகாகச் சொன்னான். ஒவ்வொரு நாளும் சொன்னான், ஆயாம்மாவிடம்கூடப் போய்ச் சொன்னான். அதைப் பார்த்துத்தான் இவன் மேடையில் கலக்கிவிடுவான் என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம்.

அந்தப் பத்து நாட்களில் கண்ணில் பட்டும் நாங்கள் கணக்கில் எடுக்காத விஷயங்கள் மூன்று. ஒன்று, மைதானத்தில் நிற்கப் பழக்கியபோது பிரீ கே.ஜி. பிள்ளைகளால் நாலைந்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. உட்கார்ந்து மண்ணைக் கிளறத் தொடங்கிவிட்டார்கள், நாங்களோ அன்று கூட்டத்தைப் பார்த்தால் நிற்பார்கள் என்று சொல்லிக்கொண்டோம். இரண்டு, பெரிய பிள்ளைகள் டிரம் அடித்துப் பழகும் நேரத்தில் எல்.கே.ஜி.யில் ஒரு பெண் குழந்தை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள், அதுவும் ஒரு நாள் இல்லை, நான்கு நாள். மூன்று, எந்தக் குழந்தையும் வேடத்துணியோடு ஒத்திகை பார்க்கவில்லை. வாடகைத் துணி என்பதால் முதல் நாள் மாலைதான் பலர் கைக்கு வந்தது. வேட்டி கட்டிய மூன்றரை வயதுப் பிள்ளை கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் என்ன செய்வான் என்பது எங்கள் ஒருவர் மனதிலும் எழவில்லை.

ஆகஸ்ட் 15 காலை

8:20க்குப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். பையனை அவன் அம்மாவும் பாட்டியும் கூட்டிவந்தார்கள். வாசலில் நானே அவன் மீசையைத் தொட்டு "பாரதியார் வந்துட்டாரா" என்றேன், சிரித்தான். எல்லார் சட்டையிலும் காகிதக் கொடி, குண்டூசியால் குத்தியது.

விருந்தினர் 9:40க்கு வந்தார். அவருக்கு அன்று இது மூன்றாவது கொடியேற்றம் என்று பிறகு தெரிந்தது, அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மூன்று இடத்துக்கு ஒப்புக்கொண்டவரை 9 மணிக்கு நம்பிக் காத்திருந்தது எங்கள் முடிவு. ஷாமியானா பந்தல் பெற்றோருக்கும் மேடைக்கும் போடப்பட்டிருந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்றது வெயிலில்.

கொடி ஏறியது, பூ கொட்டியது, பிள்ளைகள் ஒரு நொடி வாய் பிளந்து மேலே பார்த்தார்கள். அப்புறம் பேச்சு தொடங்கியது.

பையன் முதல் தடவை தண்ணீர் கேட்டது 9:50 வாக்கில், கொடுத்தோம். பிறகு இரண்டு தடவை வகுப்பாசிரியையின் புடவையைப் பிடித்து இழுத்து "மிஸ், ஒன்னுக்கு" என்றிருக்கிறான். கழிப்பறை கட்டடத்தின் மறுபக்கம், வேட்டியை அவிழ்த்தால் திரும்பக் கட்ட வேண்டும், அடுத்து மழலையர் என்று மைக்கில் அறிவித்தாகிவிட்டது. "கொஞ்சம் பொறு கண்ணா, அடுத்து நீதான்" என்று அவர் சொன்னார். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், அதனால் இதை அவருடைய தவறாக நான் எங்கும் பதிவு செய்யவில்லை. அவனுக்கு முன்னால் ஏழு பேர் இருந்தார்கள்.

அவன் மேடை ஏறி மைக் முன்னால் நின்றபோது மணி 10:15. பக்கத்திலேயே அணிவகுப்புப் பிள்ளைகள் டிரம்மை மாட்டியபடி நின்றார்கள், அதில் ஒருவன் தெரியாமல் ஒரு தட்டுத் தட்டினான். பையன் திடுக்கிட்டான். வேட்டி நனைந்தது, கோட்டு நுனியிலிருந்து மேடையில் சொட்டியது, அவன் அதைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் அழ ஆரம்பித்தான். கூட்டத்தில் சிரிப்பு. கெட்ட எண்ணத்தில் யாரும் சிரிக்கவில்லை, ஆனால் மேடையில் நின்ற அவனுக்குக் கேட்டது நூற்றைம்பது பேர் சிரித்த சத்தம்.

அம்மா ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனார். நிகழ்ச்சி தொடர்ந்தது. அடுத்து வந்த திருப்பூர் குமரன் நெற்றியில் சிவப்புச் சாயம் வழிய நடந்து வர, அதை நிஜ ரத்தம் என்று நினைத்து முன்வரிசையில் இரண்டு குழந்தைகள் கத்தினார்கள். 1932இல் கொடியை விடாமல் பிடித்தபடி அடிவாங்கி, சனவரி 11 அன்று இறந்துபோன அந்த இளைஞனின் கதை சொல்லப்பட வேண்டிய கதைதான். மூன்று வயதில் அல்ல.

எல்லாம் முடிந்து மைதானம் காலியானபோது தரையில் காகிதக் கொடிகள் கிடந்தன. மிதிபட்டவை, மிட்டாய்த் தாளோடு ஒட்டியவை. ஆயாம்மா துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெருக்காமல் நின்றார். "டீச்சர், இதையும் குப்பையோடயா போடறது?" என்று கேட்டார். 2002ஆம் ஆண்டின் கொடி விதித்தொகுப்பு இதைத் தெளிவாகவே சொல்கிறது: காகிதக் கொடியை விழா முடிந்ததும் தரையில் எறியக் கூடாது, மரியாதை குறையாமல் தனியாக அப்புறப்படுத்த வேண்டும். அந்த விதி எனக்குத் தெரியும். தெரிந்தும் 71 சின்னக் கைகளில் ஆளுக்கு ஒன்றைக் கொடுத்து, திரும்ப வாங்க ஒரு பெட்டிகூட வைக்காமல் இருந்திருக்கிறேன். இருவரும் உட்கார்ந்து பொறுக்கினோம். சட்டையிலிருந்து கழன்ற குண்டூசிகளும் கிடைத்தன. ஒன்று பிரீ கே.ஜி. வகுப்பின் பாயில் கிடந்தது, மறுநாள் காலை யாராவது உட்காரப்போகும் இடத்தில்.

அன்று மதியமும் அந்த வாரமும்

மதியம் 12 மணி அளவில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. பையன் மேடையில் அழும் 20 விநாடி. கீழே சிரிக்கும் முகங்கள். போட்டவர் வேறொரு குழந்தையின் அப்பா, இதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. குழுவை நிர்வகிப்பது நான், ஆனால் வீட்டு வேலையில் போனைப் பார்க்காததால் அதை நீக்க மூன்று மணி ஆகிவிட்டது. அதற்குள் அவன் அம்மா பார்த்துவிட்டார்.

மறுநாள் வகுப்பில் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து "நேத்து என்ன பாத்தீங்க?" என்று கேட்டேன். பதில்களை அப்படியே எழுதிவைத்தேன். பூ விழுந்துச்சு. மிட்டாய். வெயிலு. டிரம். எங்கம்மா போட்டோ எடுத்தாங்க. அண்ணனுக்கு ரத்தம் வந்துச்சு. அவன் உச்சா போயிட்டான். பூவைச் சொன்னவர்கள்தான் அதிகம். கொடியைச் சொன்னவர்கள் யு.கே.ஜி.யில் நான்கு பேர். நாடு, சுதந்திரம் என்று ஒருவரும் சொல்லவில்லை, அந்த வயதில் எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் இந்தப் பட்டியலைத் திரும்பப் படித்தபோது, நாங்கள் பத்து நாள் பாடுபட்டுத் தயாரித்த எதுவும் அதில் நல்லதாக இடம்பெறவில்லை என்பது உறைத்தது.

பையன் அன்று வரவில்லை. அடுத்த நான்கு நாளும் வரவில்லை. பிறகு வாசல் வரை வந்து பாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுத்தான். இரண்டரை வயதிலேயே கழிப்பறைப் பழக்கம் வந்துவிட்ட பிள்ளை, இப்போது வீட்டில் பகலிலும் ஆடையை நனைக்கிறான் என்று அம்மா சொன்னார். குழந்தை மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள், சிறுநீர்த் தொற்று ஏதும் இல்லை. பயம்தான், திட்டாமல் கேலி செய்யாமல் விட்டால் தானாகச் சரியாகும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

நானும் வகுப்பாசிரியையும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்டோம். அப்பா அதிகம் பேசவில்லை. பாட்டிதான் கேட்டார்: "ஏம்மா, கொழந்த ரெண்டு தடவ கேட்டானாமே?" அதற்கு எங்களிடம் பதில் இல்லை. பையன் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான், கடைசி வரை வெளியே வரவில்லை.

எடுத்த முடிவுகள்

முதலில் பையன் விஷயம். இரண்டு வாரத்துக்குப் பாட்டி வகுப்பிலேயே உட்காரலாம் என்று ஏற்பாடு செய்தோம். வகுப்பில் இருந்த ஒத்திகைப் படங்களையும் அகற்றிவிட்டோம். யாரும் அவனிடம் அந்த நாளைப் பற்றிப் பேச்சை எடுக்கக் கூடாது, ஆனால் அவனே பேசினால் மழுப்பக் கூடாது என்று முடிவு செய்தோம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை வகுப்பு முழுவதையும் கழிப்பறைக்குக் கூட்டிப்போனோம், அவனை மட்டும் தனியாகக் கேட்பதில்லை. செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் பாட்டி வராந்தாவுக்கு நகர்ந்தார், அக்டோபரில் வீட்டுக்கே போனார். நனைப்பது ஆயுத பூஜை விடுமுறைக்குள் நின்றுவிட்டது.

அப்புறம் விழா. ஆசிரியைகளும் ஆயாம்மாக்களும் தாளாளரும் உட்கார்ந்து பேசினோம். நான் ஒரு கணக்கைத்தான் முன்வைத்தேன். தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட 55 விநாடி. தேசிய கீதம் பாட ஏறக்குறைய 52 விநாடி. இரண்டும் சேர்ந்து இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அந்த இரண்டு நிமிடம் மூன்று வயதுப் பிள்ளையால் நிச்சயம் நிற்க முடியும், மரியாதையோடு நிற்கவும் பழக்க முடியும். மிச்சம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது கொடிக்காக இல்லை. விருந்தினருக்காக, பேச்சுக்காக, எங்கள் போட்டோவுக்காக.

தாளாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, சின்னவங்களுக்குத் தனியா வச்சிடுங்க" என்றார். அவர் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. பெரிய பிள்ளைகளின் விழா 9 மணிக்கு வழக்கம்போல நடக்கட்டும், மழலையர் விழா 8 மணிக்கு உள்முற்றத்தில், மொத்தம் 25 நிமிடம் என்று முடிவானது. கொடியேற்றுபவர் பிள்ளைகளுக்குத் தெரிந்த முகமாக இருக்க வேண்டும் என்பதால் தாளாளரையே கேட்டோம். தினமும் வாசலில் நிற்பவர், பாதிப் பேருக்கு அவர்தான் "கேட் தாத்தா".

டிரம் வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம், ஆசிரியைகள் குரலில் பாடினால் போதும். குண்டூசி கூடவே கூடாது. கெட்டியான உருண்டை மிட்டாய் நான்கு வயதுக்குக் கீழே தொண்டையில் சிக்கக்கூடியது, அதற்குப் பதில் ஒரு கரண்டி கேசரி. பிளாஸ்டிக் கொடி எப்படியும் கிடையாது, அது தமிழ்நாட்டில் 2019 முதலும் நாடு முழுவதும் 2022 ஜூலை முதலும் தடை செய்யப்பட்டது. காகிதக் கொடியைக் கையில் கொடுப்பதையும் நிறுத்தினோம்.

அதிகம் விவாதித்தது, பிள்ளைகள் கொடி செய்யலாமா என்பதைத்தான். ஒரு ஆசிரியை, எல்லாப் பள்ளியிலும் கைரேகை பதித்துக் கொடி செய்கிறார்களே என்றார். எங்கள் அனுபவத்தில் பிரீ கே.ஜி. பிள்ளைக்கு மூன்று வண்ணக் காகிதம் கொடுத்தால் பச்சை மேலே போகும், நடுவில் ஒரு பூனை வரும். குழந்தை செய்தால் அது விளையாட்டு, அதில் அவமரியாதை எதுவும் இல்லை. ஆனால் அதைச் சுவரில் கொடி என்று ஒட்டிக் காட்சிக்கு வைப்பது பெரியவர்களாகிய நாம், அதற்குப் பொறுப்பு நம்முடையது. அதனால் இப்படி வகுத்தோம்: சின்னவர்கள் மூவண்ண மணி கோர்க்கலாம், கிழித்த காகிதம் ஒட்டலாம், அதற்குக் கொடி என்று பெயர் இல்லை. யு.கே.ஜி. மட்டும் உண்மையான கொடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, காவி மேலே, அகலம் மூன்று பங்கு, உயரம் இரண்டு பங்கு என்று வெட்டி ஒட்டலாம், ஒட்டியதை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம்.

மாறுவேடத்தை நவம்பர் 14, குழந்தைகள் தினத்துக்கு மாற்றினோம். வகுப்பறைக்குள், விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும், போட்டி கிடையாது.

பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எதிர்ப்பு வந்தது. ஒரு அப்பா, "மிஸ், வருஷத்துக்கு ஒரு நாள்தான் புள்ளய மேடையில பாக்குறோம், அதையும் எடுத்துட்டா எப்படி?" என்றார். அந்த ஆசையை நான் சின்னதாக நினைக்கவில்லை. மில்லில் ஷிப்டு மாற்றிக்கொண்டு வருகிறவர் அவர், பெண் வேலு நாச்சியாராக நின்ற படத்தைப் போன் முகப்பில் வைத்திருக்கிறார். விழா முடிந்ததும் ஒவ்வொரு குடும்பத்தையும் கொடிக்கம்பத்தின் பக்கத்தில் நிற்கவைத்துப் பள்ளியே படம் எடுத்துத் தரும் என்று சொன்னோம். அடுத்தவர் குழந்தையின் வீடியோவைக் குழுவில் போடக் கூடாது என்பதையும் அன்றே எழுத்தில் கொடுத்தோம். வீடியோ போட்டவர் எழுந்து நின்று அந்த அம்மாவிடம் வருத்தம் தெரிவித்தார், அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

சனவரி 26

புது ஏற்பாட்டை முதலில் சோதித்தது குடியரசு தினத்தில்.

அதற்கு முந்தைய வாரம் யு.கே.ஜி.யில் ஒரு வேலை செய்தோம். 1950 சனவரி 26 அன்று நம் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது என்பதை ஐந்து வயதுக்கு எப்படிச் சொல்வது? "நாம எப்படி நடந்துக்கணும்னு நாமே பேசி எழுதிக்கிட்ட நாள்" என்று சொன்னேன். முன்பெல்லாம் நம் நாட்டின் பிறந்தநாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அது சுலபமாக இருக்கிறது, ஆனால் உடனே கேக் எங்கே என்று கேட்பார்கள், அதற்கு மேல் ஒன்றும் நகராது. இந்த முறை, அப்படியானால் நம் வகுப்புக்கு நாமே விதி எழுதலாமா என்று கேட்டேன். அரை மணி நேரம் சண்டை. மூன்று விதி தேறியது. யாரையும் கடிக்கக் கூடாது. ஊஞ்சலில் இருபது எண்ணினதும் இறங்கணும். யாராவது அழுதா மிஸ்ஸைக் கூப்பிடணும். கூழாங்கல்லைப் பெட்டியில் போட்டு ஓட்டெடுத்தோம், தூக்கம் வேண்டாம் என்ற நான்காவது விதி இரண்டே கல் வித்தியாசத்தில் தோற்றது. ஊஞ்சல் விதி வருடம் முடியும் வரை நடைமுறையில் இருந்தது. யாராவது மீறினால் "நாமதானே எழுதினோம்" என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

விழா நாளில் 8 மணிக்குப் பிள்ளைகள் முற்றத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கொடியைச் சுத்தமான மேசையில் விரித்தோம். ஆகஸ்டில் அவர்கள் நினைவில் நின்றது பூ என்பதால், பூவை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டோம். கொடிக்குள் மலரிதழ்களை வைத்துக் கட்டுவதை விதித்தொகுப்பே அனுமதிக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் வந்து ஒரு இதழை வைத்துவிட்டுப் போனது, அதற்கே ஏழு எட்டு நிமிடம் ஆனது, ஆனால் ஒருவரும் எழுந்து ஓடவில்லை. அடுத்தவர் எந்த இடத்தில் வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தாளாளர் கொடியை மடித்து முடிச்சுப் போட்டதையும் பார்த்தார்கள். குடியரசு தினத்தில் கொடியைக் கீழிருந்து ஏற்றாமல் மேலே கட்டி வைத்து அவிழ்த்துப் பறக்கவிடுவது வழக்கம், எங்கள் பள்ளியில் இத்தனை வருடம் இரண்டு நாளையும் ஒரே மாதிரிதான் செய்து வந்தோம், இந்த முறை சரியாகச் செய்தோம்.

பையன் பாட்டியோடு வந்திருந்தான். சாதாரணச் சட்டை, டவுசர். இதழ் வைக்கும் முறை வந்தபோது எழவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எல்லாரும் வைத்து முடித்த பிறகு, மடிக்கப் போகும் நேரத்தில், தானாக எழுந்து வந்து ஒரு சாமந்தி இதழை வைத்தான். தாளாளர் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார்.

முடிச்சு அவிழ்ந்து பூ கொட்டியதும் 60 பிள்ளைகள் ஒன்றாகக் கத்தினார்கள். பையன் தரையில் எதையோ தேடி, ஒரு இதழை எடுத்துப் பாட்டியிடம் காட்டி "இதான் என்னோடது" என்றான். அங்கே அதே மாதிரி ஐம்பது இதழ் கிடந்தது. அவனுக்கு அதில் சந்தேகமே இல்லை.

எழுந்து நின்று இரண்டு பாட்டும் பாடினோம். பிரீ கே.ஜி.யும் நின்றது. காதைப் பொத்தும் பெண் குழந்தைக்கு ஆயாம்மாவின் மடியை ஒட்டிக் கடைசியில் இடம் போட்டிருந்தோம், அவள் கையைக் காதுக்கு அருகில் கொண்டுபோனாள், பொத்தவில்லை. 8:27க்கு எல்லாம் முடிந்தது.

ஒன்று மட்டும் சொதப்பியது. அசோகச் சக்கரத்தின் 24 ஆரங்களை யு.கே.ஜி. பிள்ளைகளே வட்டமாகப் படுத்துக் காட்டுவதாக ஏற்பாடு. தரையில் நீலச் சாக்கட்டியால் வட்டம் போட்டு, தலை நடுவில் இருக்கும்படி 24 பேர் படுக்க வேண்டும். எண்ணுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை என்று நான் பெருமையாக இருந்தேன். வகுப்பில் 26 பேர். அன்று எல்லாரும் வந்துவிட்டார்கள். மிஞ்சிய இருவரை எண்ணுபவர்களாக வைத்தோம், அதில் ஒருவன் "நான் ஏன் சக்கரத்துல இல்ல" என்று அழுதான். அவன் கேட்டது நியாயம்.

அடுத்த ஆகஸ்ட்

சனவரி நன்றாகப் போனதை வைத்து முறை சரி என்று நாங்கள் முடிவுக்கு வரவில்லை. சனவரிக் காலை குளிர்ச்சியானது, ஆகஸ்டு வெயில் வேறு. சனவரியில் பிள்ளைகள் பள்ளிக்கு வந்து ஏழு மாதம் ஆகிவிட்டது, ஆகஸ்டில் புதுப் பிள்ளைகளுக்கு இரண்டு மாதம்கூட முழுதாக ஆகியிருக்காது. உண்மையான சோதனை அடுத்த சுதந்திர தினம்தான்.

அதற்குள் இரண்டு மாற்றம் செய்தோம். நேரத்தை 7:45க்குக் கொண்டுவந்தோம். புதிதாகச் சேர்ந்தவர்களின் பெற்றோரில் ஒருவர் பிள்ளையின் பக்கத்திலேயே பாயில் உட்காரலாம் என்றோம். முதல் நாள் ராத்திரி மழை பெய்து முற்றம் ஈரமாக இருந்ததால் எல்லாரும் வராந்தாவில் நின்றோம். இரண்டு குழந்தைகள் அழுதார்கள், அம்மா மடிக்குப் போனதும் அடங்கினார்கள். விழா 22 நிமிடம். யாருக்கும் வெயிலால் தலை சுற்றவில்லை, யாரும் கழிப்பறைக்காகக் காத்திருக்கவில்லை.

மறுநாள் அதே கேள்வியைக் கேட்டேன். "நான் பூ வச்சேன்" என்ற பதில்தான் அதிகம். சென்ற வருடம் பூ விழுந்துச்சு என்றவர்கள் இந்த வருடம் நான் வச்சேன் என்கிறார்கள். யு.கே.ஜி.யில் ஒரு பெண், "அது எல்லாரோட கொடி, அதான் எல்லாரும் பூ வைக்கிறோம்" என்றாள். இந்த வாக்கியத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, வேறு யாரும் சொல்லிக்கொடுத்ததாகவும் தெரியவில்லை.

இன்னும் சரியாக வராதவை

பெரிய பிள்ளைகளின் விழாவில் ஒன்றும் மாறவில்லை. முதல் வகுப்புப் பிள்ளைக்கும் ஐந்து வயதுதான் முடிந்திருக்கும், ஏப்ரல் வரை எங்கள் பாயில் உட்கார்ந்த அதே குழந்தை ஆகஸ்டில் வெயிலில் ஒரு மணி நேரம் நிற்கிறது. முதல் இரண்டு வகுப்பையும் எங்களோடு சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், இன்னும் முடிவாகவில்லை.

சக்கரத்தை இனி சாக்கட்டிக் கோட்டில் காலணிகளை வைத்துச் செய்யலாம் என்றிருக்கிறோம். எத்தனை பேர் வந்தாலும் 12 ஜோடிக் காலணி போதும் என்று சொன்னதும் ஒரு ஆசிரியை, தேசியச் சின்னத்தைச் செருப்பாலா காட்டுவது என்றார். அவர் சொன்னது சரி. 24 ஸ்கேல் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

கழிப்பறை விஷயத்தில் ஒரே விதி, எந்த விழாவானாலும்: குழந்தை கேட்டால் உடனே கூட்டிப்போக வேண்டும், மைக்கில் அவன் பெயரே ஒலித்துக்கொண்டிருந்தாலும். இதைப் புது ஆசிரியைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறேன். ஏன் என்றும் சொல்கிறேன்.

மாறுவேடத்தில் நாங்கள் திருத்த மறந்தது, யாருக்கு எந்த வேடம் என்று நாங்களே எழுதிக் கொடுப்பதை. முதல் நவம்பரிலும் அதையே செய்தோம். இரண்டாவது நவம்பரில்தான் பிள்ளைகளையே கேட்டோம், பாதிப் பேர் பூனை, நாய், ஒருத்தி கேட் தாத்தா. பையன் இப்போது எல்.கே.ஜி. அவனிடம் கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது. வேண்டுமென்றால் எதுவும் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

யோசித்தான். "கோட்டு வேணாம் மிஸ். மீசை மட்டும்" என்றான்.

வரைந்துவிட்டேன். சாப்பாட்டு நேரம் வரை அழியாமல் பார்த்துக்கொண்டான்.